கொக்கின் வால்

நான் ஒரு வரிசை இலக்கங்களை மாற்றினேன். பிறகு ஒரு சபையின் முன்னால், மாற்றவில்லை என்று சொன்னேன். இரண்டையும் செய்தது நான்தான். ஒருவரும் தூண்டவில்லை, ஒருவரும் மிரட்டவில்லை. வயது போனபின் தன் தவறுகளைக் காலத்தின் தலையிலும் சூழ்நிலையின் தலையிலும் கட்டிவிட மனிதன் பழகிவிடுகிறான். நானும் அப்படிச் செய்துவிடக்கூடும் என்ற பயத்தில்தான் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

என் மேசையில் ஒரு பழைய ஸ்டிக் கிடக்கிறது. விமானத்தை ஏற்றவும் இறக்கவும் சரிக்கவும் ஓட்டுநர் கையில் பிடித்திருக்கும் கம்பிக்குத்தான் இந்தப் பெயர். பாவனைக்கு உதவாத ஒரு கிளைடரிலிருந்து, அதாவது இயந்திரமில்லாத விமானத்திலிருந்து, கழற்றியது. வெறும் உலோகம் குளிர்காலத்தில் கையைக் கடிக்கும் என்பதால், அதன்மேல் கிரிக்கெட் மட்டையின் பிடியில் போடும் நீல ரப்பர் உறையை மாட்டியிருக்கிறார்கள். ஜேர்மனியில் ஹனோவர் நகரத்துத் தமிழ் இளைஞர்களின் கிரிக்கெட் கழகத்தில் தேய்ந்துபோன ஒரு மட்டையிலிருந்து உரித்தது அது. ரப்பர் இப்போது இறுகிவிட்டது. மேற்பக்கத்தில் மட்டும் வரிகள் அழிந்து, ஒரு பெருவிரல் அளவுக்கு வழுவழுப்பாக இருக்கிறது.

அந்தப் பெருவிரல் என் நண்பனின் மகளுடையது. அவளை நான் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நண்பனும் நானும் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கியவர்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கிழக்கில் இறங்கி, ரயில் பிடித்து மேற்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுப்பார்கள். நான் இலங்கையில் இயந்திரப் பொறியியல் படித்து, இரத்மலானையில் விமானங்கள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்தவன். ஜேர்மனியில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பிருக்கவில்லை. சில வருடங்கள் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அதன்பின் ஹனோவரில் ஒரு பல்கலைக்கழகத்தின் விமானவியல் பிரிவில் ஆய்வுகூடத் தொழில்நுட்பராகச் சேர்ந்தேன். தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் அறையின் சாவி என்னிடம் இருந்தது. நான் திருகிய திருகாணிகள் எத்தனையோ விமானங்களில் பறந்திருக்கும். ஆனால் இது நான் செய்தது என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு விமானமும் இல்லை. இந்தக் குறை எனக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது பின்னால் நடந்த காரியத்தில்தான் எனக்கே தெரிந்தது.

பிள்ளை சின்னவளாக இருந்தபோது நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் நடக்கும். வருடத்துக்கொரு முறை பேச்சுப் போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு மேடைக்கு வருவார்கள். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்கக் கழித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் செந்தமிழ் வசனங்கள் நடுவில் அறுந்துபோகும். அப்போது முன்வரிசையில் இருக்கும் தாய்மாரும் தகப்பன்மாரும் உதட்டை அசைத்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். நடுவர்களும் காணாததுபோல இருப்பார்கள். இதில் ஒருவருக்கும் குற்ற உணர்வு கிடையாது. எந்தப் பிள்ளையும் மேடையில் அழாமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் சொல் எடுத்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் எடுத்திருந்தேன். பெற்றோர்கள் எனக்கென்றே முன்வரிசையில் ஒரு கதிரை விட்டுவைப்பார்கள்.

அன்று பிள்ளையின் முறை வந்தது. நன்றாகத்தான் பேசிக்கொண்டு போனாள். பாதியில் நின்றுவிட்டாள். நான் வழக்கம்போல உதட்டை அசைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குத் தெளிவாக விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்து, "எனக்கு மறந்துபோச்சு. இவ்வளவுதான் தெரியும். வணக்கம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மண்டபம் சிரித்தது. தகப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தேநீர் குடிக்கும்போது நான் அவளிடம், "மாமா சொல்லித் தந்தனான் எல்லே, ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டேன். "அது நீங்கள் பாடமாக்கினது, மாமா," என்றாள். கையில் வடை இருந்தது. எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். நான் அதைப் பெரிய பகிடியாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது என்று எனக்குப் படவில்லை.

அவள் வளர்ந்து, நான் வேலை பார்த்த அதே பிரிவில் மாணவியாக வந்து சேர்ந்தாள். உலகக் கோப்பைக் கால்பந்து ஜேர்மனியில் நடந்ததே, அதற்கு முந்தைய வருடம் அந்தப் போட்டி வந்தது. மாணவர் குழுக்கள் தாங்களே ஒரு விமானத்தை வடிவமைக்க வேண்டும். கட்ட வேண்டியதில்லை. அதன் எடை, சிறகு, வால் எல்லாவற்றையும் கணக்கிட்டு இலக்கங்களாக ஒரு கணினிக் கோப்பில் போட்டுக் கொடுக்க வேண்டும். தெற்கில் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் பெரிய சிமுலேட்டர் ஒன்று இருந்தது. அனுபவமுள்ள சோதனை விமானி ஒருவர் அதில் ஏறி, ஒவ்வொரு குழுவின் விமானத்தையும் மெய்யாகவே பறப்பதுபோல ஓட்டிப் பார்த்துப் புள்ளி போடுவார். முதல் பரிசு பெறும் குழுவின் தலைவருக்கு, புதிய விமானங்களைப் பறந்து பரிசோதிக்கும் நிறுவனம் ஒன்றில் அரை வருடம் பயிற்சி. மேசையில் கணக்குப் போடும் வேலைக்குப் போக அவளுக்கு விருப்பமில்லை. விமானத்தில் ஏறி அதைப் பரிசோதிக்கும் வேலையைத்தான் அவள் விரும்பினாள். அந்த வாசலுக்குள் நுழைய இந்தப் பயிற்சி ஒன்றே வழி என்று நினைத்தாள். தகப்பன் அது கிடைத்துவிட்டதாகவே ஹனோவர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

குழுவில் அவளோடு இரண்டு ஜேர்மன் மாணவர்களும், கோயம்புத்தூரிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒருவனும் இருந்தார்கள். வடகடல் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் சிறிய விமானம் ஒன்றை வரைந்தார்கள். நோயாளியைக் கட்டிலோடு பின்பக்கத்தால் நேரே தள்ளி ஏற்ற வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். பின்னால் கதவு வைத்தால் வால் வழியை மறைக்கும். அதனால் வாலை உயரத் தூக்கி உச்சியில் வைத்தாள். பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் நிற்கும் கொக்கு மாதிரி இருக்கும். கோயம்புத்தூர்க்காரன் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தான். ஜேர்மன் மாணவர்களும் கொக்கு என்றே சொன்னார்கள். தகப்பனின் ஊர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவு. அது நெடுந்தீவுக்குத்தான் போகப் போகிறது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவளும் திருத்தவில்லை.

எங்கள் பிரிவின் நிலவறையில் ஒரு பழைய காரின் இருக்கையையும் நான் தேடிக் கொடுத்த கிளைடர் ஸ்டிக்கையும் வைத்து அவர்களே ஒரு சிமுலேட்டர் செய்துகொண்டார்கள். அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். அவள்தான் தொடங்கி வைத்தாள். ஒருவர் விமானக் கோப்பைத் திறந்து, எதையாவது ஒன்றை மட்டும் சொல்லாமல் மாற்றிவிடுவார். அது சிறகின் பரப்பாக இருக்கலாம், எடை விழும் இடமாக இருக்கலாம், வாலின் பலமாக இருக்கலாம். மற்றவர் ஓட்டிப் பார்த்து என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விதி ஒன்றுதான். சரியாகச் சொல்லிவிட்டால் மாற்றியவர் உடனே "ஓம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜேர்மன் மாணவர்களும் ஓம் என்றே சொல்லப் பழகியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் மட்டும், "ஆமாங்கன்னு சொன்னா செல்லாதா அக்கா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிருவீங்களா?" என்று கேட்பான்.

அவளை ஏமாற்றுவது அரிது. ஸ்டிக்கைப் பிடித்து, இரண்டு முறை திருப்பி, வேகத்தைக் குறைத்துப் பார்ப்பாள். பெருவிரல் அந்த ரப்பரில் அசையாமல் இருக்கும். "எடை கொஞ்சம் முன்னுக்குப் போட்டுது. ஆர் செய்தது?" என்பாள். யாராவது ஓம் என்பார்கள். நானும் அந்த விளையாட்டில் சேர்ந்திருக்கிறேன், பிடிபட்டிருக்கிறேன், சிரித்துக்கொண்டே ஓம் என்று சொல்லியிருக்கிறேன். நான் ஓட்டியபோது பெரும்பாலும் தோற்றேன். நான் பல வருடங்கள் விமானங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டவன். அவள் தொட்டது வெறும் இலக்கங்களைத்தான். ஆனால் அந்த இலக்கங்களுக்குள் ஒரு விமானம் உயிரோடு இருப்பது அவளுக்குத்தான் தெரிந்தது.

கொக்கில் ஒரு குறை இருந்தது. அவளே கண்டுபிடித்தாள். நோயாளியையும் தாதியையும் பின்னால் ஏற்றினால் எடை பின்னால் போய்விடும். அந்த நிலையில் வேகத்தை மிகவும் குறைத்து மூக்கை நிமிர்த்தினால், சிறகிலிருந்து குழம்பி வரும் காற்று உச்சியில் இருக்கும் வாலை மூடிக்கொள்ளும். வாலில் நல்ல காற்றுப் படாவிட்டால் ஸ்டிக்கை முன்னே தள்ளியும் பயனில்லை. மூக்கு இறங்காது. விமானம் நிமிர்ந்த முகத்தோடு கீழே விழும். இதைத் திருத்த வாலை மாற்றி வரைய வேண்டும். அதற்குப் பல வாரக் கணக்கு வேண்டும். நாள் இருக்கவில்லை. குழுவுக்குள் சண்டை வந்தது. கடைசியில் அவள் சொன்னபடி முடிவாயிற்று. குறையை அறிக்கையில் எழுதுவது, விமானியிடமும் முதலே சொல்லிவிடுவது.

"விழுகிற விமானத்துக்கு ஆர் பிள்ளை பரிசு தருவினம்?" என்று நான் கேட்டேன்.

"விழும் எண்டு சொல்லிப்போட்டு விழுந்தால் அது வேறை, மாமா. பின்னாலை அந்தக் கட்டிலிலை ஒரு வருத்தக்காரர் படுத்திருக்கிறார் எல்லே," என்றாள்.

கட்டிலும் கிடையாது, நோயாளியும் கிடையாது. இருந்தும் அவள் அவரை மனதில் ஏற்றிவிட்டிருந்தாள்.

போட்டிக்குக் குழுவோடு நானும் போனேன். எங்கள் கோப்பைப் பெரிய சிமுலேட்டருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. மதியம் மாணவர்கள் பல்கலைக்கழகச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். "வாங்கோ மாமா, ஆறிப்போம்," என்று பிள்ளை கூப்பிட்டாள். "நீங்கள் போங்கோ, இதை முடிச்சிட்டு வாறன்," என்றேன். அறையில் நான் மட்டும் இருந்தேன். திரையில் வாலின் அட்டவணை இருந்தது. மூக்கு நிமிர நிமிர வாலின் பலம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் அட்டவணை. அதன் பின்பாதியில் இலக்கங்கள் படிப்படியாக இறங்கிப் பூச்சியத்துக்குக் கிட்டப் போயிருந்தன. நாங்கள் கொண்டுவந்த கோப்பிலேயே நான் அவற்றை இறங்காமல் செய்துவிட்டு, அதையே வடிவம் மாற்றினேன். மேடைக்குப் போகும் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்து விடுவதுபோலத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்த அதே மனிதன்தான் அங்கேயும் இருந்தான். அதோடு, என் கை பட்ட ஒரு விமானமாவது இந்த நாட்டில் வெல்லட்டும் என்ற ஆசையும் இருந்தது. அவளுடைய விமானத்தை எந்த நேரத்தில் என்னுடையதாக எண்ணத் தொடங்கினேனோ தெரியாது.

பின்னேரம் எங்கள் முறை வந்தது. சோதனை விமானி ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். பிள்ளை அவரிடம் எடை பின்னால் இருக்கும்போது எந்த வேகத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சொன்னாள். போனால் மூக்கு இறங்காது என்றும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு, அப்படியானால் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்றார். திரையில் வடகடல் சாம்பல் நிறத்தில் விரிந்தது. வேகத்தைக் குறைத்தார். மூக்கு நிமிர்ந்தது. இன்னும் குறைத்தார். ஸ்டிக்கை முன்னே தள்ளினார். கொக்கு பணிவாக மூக்கை இறக்கி, வேகம் பிடித்து, நேராகிவிட்டது. இன்னொரு முறை செய்தார். அப்போதும் அப்படியே நடந்தது.

"இளம்பெண்ணே, உங்கள் விமானத்தைப் பற்றி நீங்களே குறைத்துச் சொல்கிறீர்கள்," என்றார் விமானி. நடுவர்கள் சிரித்தார்கள். ஜேர்மன் மாணவர்களில் ஒருவன் மற்றவனின் தோளைத் தட்டினான். கோயம்புத்தூர்க்காரன் என் காதருகில், "அங்கிள், கொக்கு பிக்கப் ஆயிருச்சு," என்றான். பிள்ளை மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு புன்னகை போதும். பரிசு கிடைக்கும், அரை வருடப் பயிற்சி கிடைக்கும். அவள் ஓர் அடி முன்னே வைத்து, தானும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

விமானி எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்து, விமானி போன அதே நிலைக்குக் கொண்டுபோனாள். மூக்கு இறங்கியது. கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜேர்மன் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி, "இது நாங்கள் வடிவமைத்த விமானம் இல்லை. அறிக்கையில் இருப்பதுதான் சரி. இந்தக் கோப்பு பிழை. இதற்குப் புள்ளி போட வேண்டாம்," என்றாள்.

நடுவர் குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. நியாயமான மனுஷி. ஒப்படைத்த கோப்பைக் குழு திருத்த முடியாது என்பது விதி, ஆனால் இங்கே வடிவம் மாற்றும்போது பிசகியிருந்தால் அது குழுவின் குற்றம் ஆகாது, சரியான கோப்பை ஏற்றி மறுபடியும் ஓட்டலாம் என்று விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாற்றும்போது ஏதாவது நடந்திருக்குமா?"

நான், "இல்லை. வந்ததை வந்தபடியே மாற்றினேன்," என்றேன்.

அந்தப் பதிலுக்கு நான் ஒரு மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, இத்தனை வெள்ளைக்காரரின் முன்னால் தலை குனிய வேண்டி வருமே என்ற வெட்கமா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டும்தான். ஆனால் என் பதிலின் பொருள் அந்த அறையில் எல்லோருக்கும் உடனே விளங்கியது. இங்கே மாறவில்லை என்றால் ஹனோவரிலேயே மாறியிருக்க வேண்டும். குழுவில் யாரோ கள்ளத்தனம் செய்துவிட்டு, பிடிபடப் பயந்து பின்வாங்குகிறார்கள். தலைவி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் குழுத் தலைவி. கோப்புக்கு நானே பொறுப்பு," என்றாள். எங்கள் குழுவைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள்.

திரும்பி வரும்போது பிராங்பேர்ட்டில் ரயில் மாற வேண்டியிருந்தது. ஜேர்மன் மாணவர்கள் தூரத்தில் ஒரு வாங்கில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் கோப்பி வாங்கப் போயிருந்தான். பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, விளையாட்டில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்: "வால் அட்டவணை. பின்பாதி. சரியோ மாமா?"

ஓம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான், "நீ களைச்சுப்போனாய் பிள்ளை. ஏதாவது சாப்பிடு," என்றேன்.

அவள் பையிலிருந்த பாணை எடுத்து, பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பிரிவின் பேராசிரியர் அவளுக்குக் கொடுப்பதாக இருந்த பரிந்துரையைக் கொடுக்காமல் விட்டார். ஜேர்மன் மாணவர்கள் நிலவறைக்கு வருவதை நிறுத்தினார்கள். எங்கள் சனத்துக்குள்ளும் கதை பரவியது. கோயிலில் ஒரு அக்கா என்னிடமே வந்து, "கெட்டிக்காரப் பிள்ளை, ஏன் அண்ணை இந்தக் களவு வேலை பார்த்தவள்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பிள்ளை ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கண்டால் வழக்கம்போல மாமா என்று கூப்பிட்டாள். கோயம்புத்தூர்க்காரனும் அவளும் மட்டும் வாலைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார்கள். இனி அதற்குப் போட்டி இல்லை, பரிசு இல்லை. பின்னால் படுத்திருக்கும் அந்த நோயாளிக்காகத்தான் வரைகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

இளவேனிலில் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. எனக்குரிய கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னப் பெண் நடுவில் தடுமாறினாள். என் உதடு தானாக அசைந்தது. அவள் பிடித்துக்கொண்டு முடித்தாள், பரிசும் வாங்கினாள். தாய் வந்து, "நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு அவள் அழுதிருப்பாள் அண்ணை," என்று நன்றி சொன்னார். அந்தப் பெண் பரிசுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மகிழ்ச்சி இருக்கவில்லை. நான் வெளியே போய்க் கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். அந்தக் கதிரைக்குத் திரும்பவில்லை.

அடுத்த வேலைநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "ஒரு குளிர்காலம் முழுவதும்?" என்று மட்டும் கேட்டார். சிமுலேட்டர் அறையின் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார், வேலையிலிருந்து மட்டும் நீக்கவில்லை. நடுவர் குழுவுக்குத் தானே எழுதினார். முடிவு மாறவில்லை. பயிற்சி இடம் எப்போதோ வேறொருவருக்குப் போய்விட்டது. ஜேர்மன் மாணவர்கள் இருவரையும் தேடிப் போய்ச் சொன்னேன். ஒருவன் கை கொடுத்தான், மற்றவன் கொடுக்கவில்லை.

பிறகு நிலவறைக்குப் போனேன். பிள்ளை காரிருக்கையில் இருந்து ஏதோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, "வால் அட்டவணை. பின்பாதி. ஓம்," என்றேன்.

அவள் ஸ்டிக்கை விடவில்லை. விமானத்தை நேராக்கிவிட்டுத் திரும்பினாள். "முதல்லை ஆரிட்டைச் சொன்னீங்கள்?"

"பேராசிரியரிட்டை."

"அது சரி," என்றாள்.

"உனக்குத் தெரியும்தானே பிள்ளை. அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"நான் கண்ணாலை காணேல்லை, மாமா. விமானம் மாறினது தெரியும். ஆர் மாத்தினது எண்டு காணாமல் எப்பிடிச் சொல்லுறது?"

நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து, "இருங்கோ. ஓட்டிப் பாருங்கோ," என்று இருக்கையைக் காட்டினாள். பழைய கோப்பை ஏற்றினாள், மாற்றப்படாத கோப்பை. எடையைப் பின்னால் போட்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன். மூக்கு நிமிர்ந்தது. ஸ்டிக்கை முன்னே தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. முழுப் பலத்தோடு தள்ளிப் பிடித்தேன். கொக்கு வானத்தைப் பார்த்தபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. கடல் பெரிதாகிக்கொண்டு வந்தது. என் பெருவிரல் அவளுடைய பெருவிரல் தேய்த்த பள்ளத்தில் வழுக்கியது. திரை சாம்பலாகி நின்றது. இப்படி ஒரு இடத்தை நான் இல்லையென்று ஆக்கப் பார்த்திருக்கிறேன். "இன்னொருக்கா," என்றாள். மறுபடியும் விழுந்தேன்.

நண்பன் அப்படி இருக்கவில்லை. "ஊர் என்ரை பிள்ளையைக் கள்ளி எண்டு கதைக்க, நீ என்ரை வீட்டிலை இருந்து சோறு திண்டாய்," என்றான். அது உண்மை. அன்றோடு அவன் என்னோடு கதைப்பதை விட்டான். தமிழ்க் கடையில் கண்டால் இப்போதும் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நிற்பான். நான் எனக்கு வேண்டியதை வாங்காமலே வெளியே வந்துவிடுவேன். பேச்சுப் போட்டிகளுக்கு இன்னும் போகிறேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருகிறேன்.

அடுத்த முறை போட்டிக்குப் புதிய மாணவர்கள் கொக்கைத் திருத்திய வாலோடு எடுத்துப் போனார்கள். பிள்ளை அவர்களுக்குத் துணையாகப் போனாள். கோப்பை மாற்ற யாரை அனுப்புவது என்று பேராசிரியர் கேட்டபோது என் பெயரைச் சொன்னாள். அவர் வேறு ஆள் தரப் பார்த்தார். அவள் விடவில்லை. அதே நகரம், அதே அறை, அதே மதிய நேரம். திரையில் வாலின் அட்டவணை வந்ததும் அவள் எழுந்து மேற்சட்டையை எடுத்துக்கொண்டாள். "நாங்கள் சாப்பிட்டிட்டு வாறம், மாமா. நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவும் சாத்தப்பட்டது. பக்கத்தில் ஒரு காவலாளி நின்றிருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும். இலக்கங்கள் இந்த முறையும் இறங்கத்தான் செய்தன, முன்பு போல அடிமட்டத்துக்கு இல்லை. நான் வந்ததை வந்தபடியே மாற்றினேன். அதே விமானி ஓட்டினார். கொக்கு வெகுநேரம் யோசித்து, கடல் கிட்ட வந்தபின்தான் மூக்கை இறக்கியது. "அறிக்கையில் சொன்னபடியே நடக்கிறது," என்றார் அவர். நடுவில் எங்கோ ஒரு இடம் கிடைத்தது. பரிசு இல்லை.

பிள்ளை சில வருடங்கள் சுற்றுவழியில் போய்த்தான் தான் விரும்பிய வேலையை அடைந்தாள். இப்போது புதிய விமானங்கள் முதன்முதலில் பறக்கும்போது விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து அளவுகள் எடுக்கிறாள். நான் அவளிடமிருந்து எடுத்துவிட்ட அந்த வருடங்களை எதைக் கொண்டும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவளும் கேட்டதில்லை. நிலவறையை ஒதுக்கியபோது, ஸ்டிக்கை எறியவிடாமல் என்னை வைத்திருக்கச் சொன்னாள்.

போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். தேநீர் வைக்க நான் எழுந்த நேரம், மேசையில் இருந்த ஸ்டிக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பைகளோடு வந்தபோது பெருவிரல் பழைய இடத்தில் இருந்தது. நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏதோ மாறியிருக்கு, மாமா. சவர்க்காரம் போட்டுக் கழுவினீங்களோ?"

"ஓம்," என்றேன். உடனே சொன்னேன்.